ஓடும் தறிக்குப் பின்னால் ஒரு சிறுத்தை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் சிறுத்தையைப் பற்றி நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதன் கால்தடம் எப்படி இருக்கும், மரத்தில் எந்த உயரத்தில் நகம் கீறும், என்ன தின்னும், எங்கே படுக்கும், எல்லாம். விசைத்தறி எப்படி ஓடும், எப்படி நிற்கும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் என் சர்வீஸில் நான் மிகவும் பெருமையாக நினைக்கும் நாளைச் சொல்லச் சொன்னால் நான் தறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நமக்கு உத்தரவும் அறிக்கையும் தெலுங்கில்தான் வரும், போகும். இதைத் தமிழில் எழுதுவது நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து வீடுகளிலிருந்து பீட் ஆபீசராக வந்திருக்கும் உங்களுக்காக. வீட்டில் பேசுகிற பாஷையில் சொன்னால்தான் சில விஷயங்கள் உள்ளே இறங்கும்.

உங்களில் பாதிப் பேர் டிவியில் மழைக்காட்டையும் கடலுக்கு அடியில் இருக்கும் பவளப்பாறையையும் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு ஆசைப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஒரு பெண், "சார், நம்ம காட்டுல ஒண்ணுமே பச்சையா இல்லியே" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். இல்லைதான் அம்மா. நம்மிடம் இருப்பது பாறையும் முள்ளும் செம்மரமும், கோடையில் காலடியில் நொறுங்கும் சருகும். ஆனால் அந்தக் காடுகளுக்கும் நம் காட்டுக்கும் ஒரு விஷயம் பொது. எங்கேயும் காடு பிழைப்பதும் பிழைக்காததும் காட்டை ஒட்டிக் குடியிருக்கும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது. மரம் நடுவதையும் கேமரா கட்டுவதையும் யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். அந்த மனிதர்களோடு பழகுவதுதான் நம் வேலையில் கஷ்டமான பாகம்.

அதை எனக்குக் காட்டியவர் எங்கள் ரேஞ்ச் ஆபீசர் மேடம். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குப்பத்துக்காரர். தெலுங்கில் தொடங்கி, தமிழில் திரும்பி, கோபம் வந்தால் கன்னடத்தில் முடிப்பார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், பதவியில் மிகவும் பெரியவர். நான் அவருக்குக் கீழே செக்‌ஷன் ஆபீசர். என்னைத் தெலுங்கு வழக்கில் "அன்னா" என்று கூப்பிடுவார், அந்த மரியாதையைக் கொடுத்துக்கொண்டே நல்ல வேலை வாங்குவார்.

அவரோடு நான் பார்த்த முதல் சம்பவமே பலமனேர் பக்கம். பட்டப்பகலில் சில யானைகள் ஒரு தக்காளித் தோட்டத்துக்குள் வந்து நின்றுவிட்டன. ஊரே கூடி, தகரம் தட்ட ஆள், பட்டாசுக்கு ஆள் என்று பரபரத்தது. எங்கள் ஆள் ஒருவர் ஜீப்பில் உட்கார்ந்து சைரனை அழுத்தப் போனார். மேடம் போய் ஜீப் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். "நின்னுக்கினு இருக்கற யானைய ஏன் நகத்தறே? அது நிக்கற வரைக்கும் நமக்கு யோசிக்க நேரம் இருக்கு. அது நகந்தா அப்புறம் அதுதான் யோசிக்கும்" என்றார். தக்காளி போயிற்று, யானைகள் பொழுது சாய்ந்ததும் வந்த வழியே போயின, ஒரு மனிதருக்கும் கீறல் இல்லை. தோட்டக்காரர் மேடத்தைத் திட்டினார். நஷ்டஈடு வாங்கிக் கொடுத்த பிறகும் கொஞ்சம் திட்டினார். மேடம் இரண்டு தடவையும் நின்று கேட்டுக்கொண்டார்.

இனி நகரிக் கதைக்கு வருகிறேன்.

சித்திரை வெயில். நானும் மேடமும் புத்தூரில் ஒரு வேலையாக நின்றிருந்தபோது என் போன் அடித்தது. நகரியில், மலைப் பக்கம் கடைசித் தெருவில் தறி ஷெட் வைத்திருக்கும் முதலாளி பேசினார். அவர் பேச்சைவிடப் பின்னால் தறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. "சார், ஷெட்டுக்குள்ள சிறுத்த படுத்துக்கினு கீது சார்! ஆளுங்க எல்லாம் உள்ளாற வேல செஞ்சிக்கினு கீறாங்க! மெயின் சுச்ச ஆஃப் பண்ணிட்டு எல்லாரையும் ஓடியாரச் சொல்லட்டுமா?"

நான் வாயைத் திறக்குமுன் மேடம் போனைப் பிடுங்கினார். "ஆப்பொத்து! ஆஃப் பண்ணாதீங்க! கைய சுச்சு மேலேந்து எடுங்க" என்றார். பிறகு நிதானமாகக் கேள்வி கேட்டார். தறி எப்போதிலிருந்து ஓடுகிறது? சிறுத்தை உள்ளே வந்தது எப்போது? அதை யார் பார்த்தது? பார்த்த பிறகு அது அசைந்ததா?

பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் கதை இதுதான். விடியற்காலையில் கரண்ட் போயிருக்கிறது. தறிகள் நின்றதும் ஆட்கள் பின்கதவைக் காற்றுக்குத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அந்த இடைவெளியில், மலையிலிருந்து மாந்தோப்பு வழியாக ஏதோ நாயைத் துரத்தி வந்த சிறுத்தை உள்ளே நுழைந்து, மூலையில் அடுக்கியிருந்த நூல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துவிட்டது. கரண்ட் வந்தது. ஆட்கள் ஓடி வந்து தறிகளைப் போட்டார்கள். காற்றடித்தால் நூல் காய்ந்து அறுந்துபோகும் என்று யாரோ பின்கதவை வெளியே கொக்கி மாட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். அன்று காலை முழுவதும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் சிறுத்தை அசையாமல் படுத்திருக்கிறது. அதற்கு முன்னால் மனிதர்கள் லுங்கி நெய்துகொண்டிருக்கிறார்கள்.

பார்த்தது கன்னியம்மா. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் நூல் கட்டையை அங்கே தார் என்பார்கள். தார் சுற்றுவது அந்த அம்மாவின் வேலை. நூல் எடுக்கப் பின்மூலைக்குப் போனவர், மூட்டை இடுக்கில் புள்ளி போட்ட வாலைப் பார்த்திருக்கிறார். கத்தவில்லை. தறி ஓடும்போது கத்தினாலும் யாருக்கும் கேட்காது. தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி வெளியே நடந்து வந்து முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

"அந்தச் சத்தம்தான் இப்போ அதைப் பிடிச்சு வச்சிருக்கு அன்னா" என்றார் மேடம், ஜீப்பில் ஏறிக்கொண்டே. "அது காலையிலேந்து அந்தச் சத்தத்துல பழகிடுச்சு. திடீர்னு நின்னா, அதுக்கு என்னமோ ஆகப் போகுதுன்னு தோணும். நமக்கும் அப்படித்தானே?"

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தெருவில் கூட்டம். கையில் இரும்புக் கம்பி, பாவு சுற்றும் உருளை, அரிவாள், எல்லாவற்றுக்கும் மேலே செல்போன். ஒருவன் முகநூலில் நேரலையே விட்டுக்கொண்டிருந்தான். சிறுத்தை தெருப் பக்கம் வந்தால் அது பிழைக்காது, அது சாவதற்குள் நாலு பேராவது கிழிபடுவார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மேடம் கூட்டத்திடம் போய், "உங்க வீட்டு ஆளுங்க உள்ள இருக்காங்க. நீங்க போடற சத்தம் அவங்க கழுத்துக்குத்தான் வந்து முடியும்" என்று மட்டும் சொன்னார். அடங்கினார்கள். போலீஸ் வந்து கயிறு கட்டியது.

ஷெட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரே அறை. முன்வாசல் தெருவுக்கு, பின்கதவு மாந்தோப்புக்கு. தறிகள் இரண்டு வரிசை. பின்வரிசையின் இடது கோடியில் ஒரு தறி, சுவரோடு ஒட்டி. அதற்குப் பின்னால் நூல் மூட்டைகள், மூட்டைகளுக்குப் பின்னால் சிறுத்தை. அந்தக் கோடித் தறியில் நிற்பவர் வெளியே வர வேண்டுமானால் திரும்பி, மூட்டைகளை உரசிக்கொண்டுதான் வர முடியும். வேறு வழி இல்லை.

அங்கே நின்று நெய்துகொண்டிருந்தவர் ஏகாம்பரம். கன்னியம்மாவின் புருஷன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய முதுகுக்கும் சிறுத்தையின் முகத்துக்கும் நடுவே ஒரு மூட்டை அகலம்தான்.

முன்வாசலில் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். முதலில் மூட்டைதான் தெரிந்தது. பிறகு ஒரு காது. பிறகு முகம். பஞ்சுத் தூசி பறந்து பறந்து அதன் மீசையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது, தூக்கத்தில் இல்லை, பொறுத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ சிறுத்தையைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வாலைத்தான், ஓடும்போது. இவ்வளவு அருகில், இவ்வளவு பொறுமையாக ஒரு மிருகத்தை நான் பார்த்ததில்லை. காதைப் பிளக்கும் அந்த இரைச்சலில் நான் கொஞ்ச நேரத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டேன். அது காலை முழுவதும் ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்திருந்தது. எனக்கு அதன் மேல் மதிப்பு வந்தது, இன்றும் இருக்கிறது.

மேடத்தின் முதல் திட்டம் எளிமையானது. தறிகள் ஓடட்டும். முன்வரிசை ஆட்கள் ஒவ்வொருவராகத் தறியை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்து வரட்டும். தறி ஷெட்டில் வாய்ப் பேச்சு கிடையாது. இரைச்சலில் வேலை செய்து வேலை செய்து அவர்கள் எல்லாவற்றையும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். வாசலில் நின்று கன்னியம்மா விஷயத்தைக் கையால் சொன்னார். வாசலோரத் தறிக்காரர் புரிந்துகொண்டு தலையாட்டினார். நகர்ந்தார். நகர்வதற்கு முன் அவருடைய கை தானாகப் போய்த் தறியின் கைப்பிடியைத் தள்ளியது. தறி நின்றது. பக்கத்துத் தறிக்காரரும் அவரைப் பார்த்துப் புறப்பட்டார். அவர் கையும் அதே வேலையைச் செய்தது.

இரைச்சலில் ஒரு ஓட்டை விழுந்தது. சிறுத்தையின் கண் முழுசாகத் திறந்தது. தலை எழுந்தது. அது நேராக வாசலை, எங்களைப் பார்த்தது.

மேடம் இரண்டு கையையும் தூக்கி எல்லாரையும் இருந்த இடத்திலேயே நிறுத்தினார். வெளியே வந்த முதல் ஆளின் காதருகே போய், கோபமே இல்லாமல், "ஏன் அன்னா நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னார்: "ஓட்ற தறிய உட்டுட்டு வர்றதுக்குக் கை ஒத்துக்கல மேடம். அது எங்குளுக்குப் பழக்கமே இல்ல. நூல் அறுந்தா துணி வீணாப் பூடும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் எத்தனை பேர் அந்த ஆளைத் திட்டாமல் இருந்திருப்பீர்கள்? அவர் செய்தது தப்புதான். ஆனால் அது தறிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு, வாழ்நாள் முழுவதும் ஒழுங்காக வேலை செய்தவன் கையில் மட்டும் வரும் தப்பு. மேடம் அதைத் தெரிந்துகொண்டார். "திரும்பப் போய்ப் போட முடியுமா?" என்றார். அந்த மனிதர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்து இரண்டு தறியையும் போட்டார். சத்தத்தின் ஓட்டை அடைபட்டது. சிறுத்தை தலையைத் தாழ்த்தியது. அந்த ஆளுக்கு யாரும் மாலை போடவில்லை. நான் இங்கே போடுகிறேன்.

மேடம் வாசல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். யோசிக்கும்போது அப்படித்தான் உட்காருவார், யூனிஃபார்ம் அழுக்காவதைப் பற்றிக் கவலையே கிடையாது. பிறகு என்னிடம், "அன்னா, அது எங்கே பார்த்துச்சு, கவனிச்சீங்களா? எங்கே சத்தம் நின்னுச்சோ அங்கே பார்த்துச்சு. அதுக்கு வழி வேணும். சத்தம் இல்லாத இடம்தான் வழின்னு அது நினைக்குது" என்றார்.

பின்கதவைத் திறந்துவிட்டு, பின்வரிசைத் தறிகளை மட்டும் கதவுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தினால் என்ன என்று கேட்டார். முன்வரிசை இரைந்துகொண்டே இருக்கும். பின்னால் வெளிச்சமும் அமைதியும் இருக்கும். மாந்தோப்பைத் தாண்டினால் மலை.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. திருப்பதியிலிருந்து மயக்க ஊசி போடும் டாக்டர் கிளம்பிவிட்டார், அவர் வரும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். மேடம் "சரே சார்" என்றார். அடுத்து கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, நகரி லைனை நிறுத்தாதீர்கள் என்று கேட்டார். நாங்களாக நிறுத்த மாட்டோம், ஆனால் காலையில் போன அதே இடத்தில் பழுது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நிற்கும். அப்போது சிறுத்தைக்கு முன்னால் இருப்பது ஒரு முதுகு மட்டும்.

மேடம் மறுபடி மேலிடத்துக்குப் போன் செய்தார். காரணத்தைச் சொன்னார். "டாக்டர் வர்ற வரைக்கும் கரண்ட் இருக்கும்னு யாராவது எழுதித் தருவீங்களா சார்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் மறுபடி டாக்டரைப் பற்றியே பேசினார்கள். "அப்போ பொறுப்பு என்னுது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

உள்ளே இருந்த எல்லாருக்கும் கையாலேயே விஷயம் போனது. போகிறவர்கள் போகலாம், தறியை நிறுத்தாமல் போக முடியாதவர்கள் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்றார் மேடம். ஒருவர்கூடப் போகவில்லை. ஆண்களும் பெண்களும் முகத்தில் வேர்வை ஒழுக, நாடாவைப் பார்த்தபடி நெய்தார்கள்.

மிச்சம் ஏகாம்பரம். கதவுப் பக்கத்துத் தறிகள் நின்ற பிறகு கடைசியாக அவர் தன் தறியை நிறுத்தி, திரும்பாமல் அசையாமல் நிற்க வேண்டும். அதை அவருக்குச் சொல்ல வேண்டும். கன்னியம்மாதான் சொல்ல முடியும். முன்வரிசையில் அவர் கண்ணுக்கு நேராகப் போய் நின்றார் அந்த அம்மா. கையை ஆட்டினார். ஏகாம்பரம் பார்த்தார், வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாமா இது?" என்றேன் நான், பதறிப்போய்.

கன்னியம்மா வாசலுக்குத் திரும்பி வந்து என் காதில் கத்தினார்: "காலைலேந்து பேச்சு கெடையாது சார். ஞாயித்துக்கெழம வரதய்யபாளையத்துல எங்க தங்கச்சி பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு. வரமாட்டேன்றாரு. நான் வந்தே ஆவணும்ன்னேன். அதுக்கு இந்த மூஞ்சி!"

கழுத்துக்குப் பின்னால் சிறுத்தை, மனிதர் மனைவியோடு சண்டையில் இருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. கன்னியம்மா மறுபடி அவர் கண்ணெதிரே போனார். வரதய்யபாளையம் இருக்கும் சத்தியவேடு திசையைக் காட்டினார், உள்ளங்கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார், இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். போக வேண்டாம், நான் சொன்னது தப்பு என்று அர்த்தம். ஏகாம்பரத்தின் முகம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். கையில் வரிசையாகப் புள்ளி வைத்துக் காட்டினார். ஏகாம்பரம் புருவத்தை உயர்த்தி, யாருக்கு அம்மை என்று கேட்டார். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு, விரல்களை நகமாக மடக்கி, வாயைத் திறந்து பல்லைக் காட்டி, அவருக்குப் பின்னால் விரலை நீட்டினார். உடனே உள்ளங்கையைக் குறுக்கே வெட்டினார். திரும்பாதே.

அந்த மனிதரின் முகத்தில் இருந்து ரத்தம் இறங்கியதை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். அவர் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் தறியில் தார் தீர்ந்தது. நாடாவை எடுத்தார், புது தாரைப் போட்டார், திரும்ப ஓட விட்டார். ஒரு நூல்கூட அறவில்லை. கன்னியம்மா மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

நான் சுற்றிக்கொண்டு தோப்புப் பக்கம் போனேன். தோப்பில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். கதவுக் கொக்கியை எடுத்து, கதவில் கயிறு கட்டி, பம்புசெட் கொட்டகையின் மேலே ஏறிப் படுத்துக்கொண்டு இழுத்தேன். தகரக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது, அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. மேடத்துக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் கேட்டதைத்தான் சொல்ல முடியும். உள்ளே இருந்த இரைச்சலில் ஒரு பங்கு குறைந்தது. கதவோரத் தறி நின்றுவிட்டது. இன்னொரு பங்கு குறைந்தது. அடுத்தது. கதவுக்குப் பக்கத்தில் அமைதி விரிந்துகொண்டே போனது. கடைசியில் பின்வரிசையில் ஒரே ஒரு தறியின் தடக் தடக் மட்டும் தனியாகக் கேட்டது. ஏகாம்பரத்தின் தறி. ஏனோ அது நிற்கக் கூடாது என்றே வேண்டிக்கொண்டேன். அதுவும் நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு கதவு வெளிச்சத்தில் ஒரு தலை வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தது. உடம்பு முழுவதும் வெள்ளைப் பஞ்சு. ஓடவில்லை, மெதுவாகப் படியிறங்கி, மாமர நிழலுக்கு வந்து, உடம்பை உதறி, ஒரு தும்மல் போட்டது. பிறகுதான் ஓடியது. மலைப் பாறைக்கு இடையில் மறைகிறவரை பார்த்தேன். கொட்டகை மேலே படுத்தபடியே அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

எல்லாத் தறியும் நின்ற பிறகு உள்ளே போனேன். சிறுத்தை போகும்போது அதன் விலா ஏகாம்பரத்தின் முழங்காலின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அவர் அப்போதும் கைப்பிடியைப் பிடித்தபடி முன்வரிசையைப் பார்த்தே நின்றிருக்கிறார். மேடம் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கன்னியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குடிக்கக் கொடுக்காமல் முதலில் அவர் தலையில் ஊற்றினார்.

மேடம் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டார், "அன்னா, அது உங்களத் தொட்டுக்கினு போயிருக்கு. எப்படித் திரும்பாம நின்னீங்க?"

காது மந்தமானவர்கள் பேசும் உரத்த குரலில் ஏகாம்பரம் சொன்னார்: "இவ திரும்பாதன்னு சொன்னா மேடம். இவ வாயால ஆயிரம் சொல்லுவா, அத்தயெல்லாம் நான் காதுலயே போட்டுக்க மாட்டேன். கையால சொன்னா பொய் சொல்ல மாட்டா. இத்தினி வருசத்துல ஒரு தபா கூட சொன்னதில்ல."

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வரதய்யபாளையம் போக வேண்டாம் என்று அந்தக் கை சொன்னதை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். அது சிறுத்தைக்காகச் சொன்னது என்று எங்களுக்குத் தெரியும். கன்னியம்மா சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் கிளம்புமுன் தெருவில் நின்று, இந்த வாரம் முழுவதும் சாயங்காலத்தில் எங்கள் ஆட்கள் இந்தத் தெருவில் இருப்பார்கள், நானும் வருவேன் என்று வாக்குக் கொடுத்தார். டாக்டர் வந்தார், மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தார், மேடத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது, மேடம் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் நகரிக்கு வந்தார். நான் உடம்பு வலிக்கிறது என்று முனகினேன். "வரேன்னு சொன்னேன் அன்னா" என்பதுதான் பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நகரி பஸ் ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்தியபோது ஏகாம்பரமும் கன்னியம்மாவும் நிற்பதைப் பார்த்தேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் தட்டு வரிசைப் பை. அந்த அம்மா பட்டுப்புடவையில், முகம் மட்டும் கோபத்தில்.

"இன்னா ஏகாம்பரம், வரதய்யபாளையமா? நீங்கதான் போவ மாட்டேன்னீங்களே?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "நான் எங்க சார் போறேன்னேன்? இவ கெடந்து அழுவுறா, ஆனா கெளம்ப மாட்டேன்றா. போவ வேணாம்னு இவ கையால சொல்லிட்டாளாம். இப்ப போனா கை பொய் சொன்னதா ஆயிடுமாம். அப்புறம் இன்னொரு நாளிக்கி திரும்பாதன்னா நீ திரும்பிடுவன்றா." பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "அதான் நானே கூட்டிக்கினு போறேன் சார். நான் கூப்டா இவ கை சொன்னது பொய்யில்ல பாரு."